ஹென்றி லே சாட்டலியர் (1850 – 1936): சமநிலை எப்பக்கம் நகரும் எனக் கூறியவர்



மாத்தளைப் பகுதியிலே சுண்ணாம்புக் கல்லை உடைத்துச் சூளையிலிட்டுச் சுடும் தொழில் நெடுங்காலமாக நடைபெற்று வருவதை நீங்கள் அறிவீர்கள். அச்சூளையை முற்றாக மூடிவிட்டால் என்ன நிகழும்? நெருப்பு எரிய வளி வேண்டும், ஆகவே நெருப்பு அணைந்துவிடும் என்று நீங்கள் விடை கூறுவீர்கள். அவ்விடை சரியே. ஆனால் வேறொரு விடையும் உண்டு. வெப்பம் குறையாதவாறு வெளியிலிருந்து சூடாக்கினாலும், மூடிய சூளையில் கல் முழுவதும் சுண்ணாம்பாக மாறாது. ஏன் மாறாது என்பதை விளக்கும் விதியை உலகுக்குத் தந்தவரே ஹென்றி லே சாட்டலியர் ஆவார்.

இவருடைய பெயரை நீங்கள் ஒரு தத்துவத்தின் பெயராக மட்டுமே கேள்விப்பட்டிருக்கக் கூடும். அவ்விதியைக் கண்டறிந்த இவரே, அதைக் கொண்டு அடைந்திருக்கக்கூடிய மாபெரும் வெற்றி ஒன்றைக் கைநழுவ விட்டவர் என்பதைப் பலர் அறியார். இவரது வாழ்க்கையைப் படிக்கும்போது விதியும் விளங்கும். அந்த இழப்பின் காரணமும் விளங்கும்.

பிறப்பும் இளமையும்

ஹென்றி லூயி லே சாட்டலியர் 1850 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 8 ஆந் திகதி பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிஸில் பிறந்தார். தந்தையார் லூயி லே சாட்டலியர் புகழ்பெற்ற பொறியியலாளர். பிரான்சின் புகையிரதப் பாதைகளின் வளர்ச்சியிலும், அலுமினியம், உருக்கு ஆகிய தொழில்களின் தொடக்கத்திலும் அவருக்குப் பங்கு இருந்தது. தந்தையாரோடு பழகிய விஞ்ஞானிகளையும் தொழில் வல்லுநர்களையும் சிறுவயதிலேயே காணும் வாய்ப்பு ஹென்றிக்குக் கிடைத்தது.

தாயார் லூயிஸ் பிள்ளைகளைக் கண்டிப்புடன் வளர்த்தார். குறித்த நேரத்தில் எழுந்திருத்தல், பாடங்களை முன்கூட்டியே ஆயத்தம் செய்தல், தட்டில் இட்ட உணவை மிச்சம் வைக்காது உண்ணுதல் என்பன அவ்வீட்டின் ஒழுங்குகள். அந்த ஒழுங்கு தம் வாழ்நாள் முழுவதும் தம்முடன் நிலைத்திருந்ததாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

கல்வியும் போரும்

பாரிஸிலுள்ள ரோலன் கல்லூரியில் கற்ற அவர், 1869 இல் தமது 19 ஆவது வயதில் எக்கோல் பொலிரெக்னிக் என்னும் உயர்கல்விக்கூடத்துக்குத் தெரிவானார். மறு ஆண்டே பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் இடையே போர் மூண்டது. பாரிஸ் நகர் முற்றுகையிடப்பட்டபோது மாணவராயிருந்த ஹென்றியும் படையில் இளநிலை அதிகாரியாகப் பணியாற்றினார். போர் முடிந்தபின் 1871 இல் பாரிஸ் சுரங்கவியற் கல்லூரியிற் சேர்ந்து சுரங்கப் பொறியியலாளராகப் பயிற்சி பெற்றார்.

1876 இல் ஜெனவீவ் நிக்கொலா என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஐந்து பெண்களும் இரண்டு ஆண்களுமாக ஏழு பிள்ளைகள். 1877 இல் தாம் கற்ற சுரங்கவியற் கல்லூரியிலேயே இரசாயனவியல் கற்பிக்கத் தொடங்கினார். பொறியியலாளராக வரவேண்டியவர் இரசாயனவியலாளரானது இவ்வாறே. ஆயினும் தொழிற்சாலையில் எழும் கேள்விக்கு ஆய்வுகூடத்தில் விடை தேடும் பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை.

சுண்ணாம்பும் சீமெந்தும்

அக்காலத்தில் கட்டடங்களுக்குச் சீமெந்து பெருமளவிற் பயன்பட்டது. ஆனால் அது நீருடன் சேர்ந்து ஏன் இறுகுகிறது என்பது தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. லே சாட்டலியர் இதனை ஆராய்ந்து, சீமெந்தின் வலிமைக்குக் காரணமான முக்கிய சேர்வைகளை இனங்கண்டார். இவ்வாய்வுக்காக 1887 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

சீமெந்தின் மூலப்பொருள்களுள் முதன்மையானது சுண்ணாம்புக் கல். எனவே சுண்ணாம்புக் கல் சூட்டினாற் பிரிகையுறுவதையும் அவர் ஆராய நேர்ந்தது. இதற்கு மிக உயர்ந்த வெப்பநிலைகளைச் சரியாக அளத்தல் வேண்டும். சாதாரண வெப்பமானி அவ்வெப்பத்தைத் தாங்காது. அவர் பிளாற்றினக் கம்பியையும், பிளாற்றினம் உரோடியம் கலந்த கம்பியையும் இணைத்து வெப்பவிணை ஒன்றை அமைத்தார். உலைகளின் வெப்பநிலையை அளக்க இத்தகைய வெப்பவிணைகள் இன்றும் பயன்படுகின்றன.

மீளும் தாக்கம்

இப்பொழுது சூளைக்கு வருவோம். அங்கு நிகழும் தாக்கம் இது:

கல்சியம் காபனேற்று ⇌ கல்சியம் ஒட்சைட்டு + காபனீரொட்சைட்டு

நடுவிலுள்ள இரட்டை அம்புக்குறியைக் கவனியுங்கள். இடமிருந்து வலமாக நடப்பது முன்முகத் தாக்கம். வலமிருந்து இடமாக நடப்பது பின்முகத் தாக்கம். இரு திசைகளிலும் நடக்கக்கூடிய தாக்கமே மீளும் தாக்கம் எனப்படும்.

மூடிய கலத்தில் கல்லைச் சூடாக்கினால் முதலில் காபனீரொட்சைட்டு வெளிவரும். அது கலத்தினுள்ளே சேரச்சேரச் சுண்ணாம்புடன் மீண்டும் சேர்ந்து கல்லாக மாறவும் தொடங்கும். ஒரு கட்டத்தில் இரு தாக்கங்களின் வீதங்களும் சமமாகிவிடும். அதுவே இரசாயனச் சமநிலை. வெளித்தோற்றத்தில் எதுவும் நடவாதது போலிருக்கும். உண்மையில் இரு தாக்கங்களும் ஓயாது நடந்துகொண்டே இருக்கும்.

திறந்த சூளையிலோ காற்றோட்டம் காபனீரொட்சைட்டை அகற்றிக்கொண்டே இருக்கிறது. பின்முகத் தாக்கத்துக்குத் தேவையான வாயு இல்லாமற் போகிறது. ஆகவே சமநிலை அடையப்படாமல் முன்முகத் தாக்கமே தொடர்கிறது. தொடக்கத்திற் கேட்ட வினாவின் இரண்டாவது விடை இதுதான். சுமார் 900 பாகை செல்சியசில் கல்லிலிருந்து வெளிவரும் காபனீரொட்சைட்டின் அமுக்கம் ஒரு வளிமண்டல அமுக்கத்தை எட்டுகிறது. சூளையில் அத்துணை வெப்பம் வேண்டப்படுவதன் காரணம் இதனால் விளங்கும்.

1884: தத்துவம் பிறந்தது

இத்தகைய பல தாக்கங்களை ஒப்பிட்டு ஆராய்ந்த லே சாட்டலியர், 1884 இல் தமது தத்துவத்தை வெளியிட்டார். 1888 இல் அதனை மேலும் எளிய வடிவில் அமைத்தார். அதன் கருத்து வருமாறு: சமநிலையிலுள்ள ஒரு தொகுதியின் வெப்பநிலை, அமுக்கம், செறிவு ஆகிய நிபந்தனைகளுள் ஒன்றை மாற்றினால், அம்மாற்றத்தின் விளைவைக் குறைக்கும் பக்கத்துக்குச் சமநிலை நகரும்.

குறைக்கும் என்ற சொல்லைக் கவனியுங்கள். மாற்றம் முற்றாக இல்லாமற் போவதில்லை, குறைக்கப்படுகிறது. மாணவர் பலர் இவ்விடத்திற் புள்ளிகளை இழக்கின்றனர்.

சோடாப் போத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். அதனுள்ளே நீரிற் கரைந்த காபனீரொட்சைட்டும் மேலேயுள்ள வாயுவும் சமநிலையில் இருக்கின்றன. மூடியைத் திறந்ததும் அமுக்கம் குறைகிறது. உடனே கரைந்திருந்த வாயு குமிழிகளாக மேலெழுகிறது. வெயிலில் வைத்த சோடா குளிர்ந்த சோடாவை விட விரைவில் வாயுவை இழந்துவிடும். அமுக்கமும் வெப்பநிலையும் சமநிலையை நகர்த்துவதை ஒரே போத்தலிற் காணலாம்.

ஊதுலை கற்பித்த பாடம்

இத்தத்துவத்தால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். இரும்புத் தாது ஊதுலையில் உருக்கப்படும்போது காபனோரொட்சைட்டு வாயு, இரும்பு ஒட்சைட்டிலிருந்து ஒட்சிசனை அகற்றுகிறது. ஆனால் உலையின் உச்சியால் வெளியேறும் வாயுவில் காபனோரொட்சைட்டு பெருமளவில் எஞ்சியிருந்தது. வாயு தாதுடன் போதிய நேரம் சேர்ந்திருக்கவில்லை, அதனாலேயே தாக்கம் முற்றுப்பெறவில்லை எனப் பொறியியலாளர் கருதினர். பெருஞ் செலவில் உலைகளை உயர்த்திக் கட்டினர். அப்படியிருந்தும் எஞ்சிய வாயுவின் அளவு குறையவில்லை.

காரணத்தை லே சாட்டலியர் விளக்கினார். அத்தாக்கம் மீளும் தாக்கம். சமநிலை அடைந்தபின் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் விளைபொருள் கூடாது. உலையை உயர்த்தினால் நேரமே கூடும், சமநிலை நகராது. இத்தாக்கத்தில் இரு பக்கங்களிலும் வாயு மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமமாக இருப்பதால் அமுக்கத்தைக் கூட்டுவதாலும் பயனில்லை. விதி தெரியாமையால் நாடுகள் எவ்வளவு பணத்தை வீணாக்கின என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பிற ஆய்வுகள்

நிலக்கரிச் சுரங்கங்களில் எரிவாயு வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டதை அடுத்து, பிரெஞ்சு அரசு அமைத்த ஆணைக்குழுவிற்காக அவர் மலார்ட் என்பவருடன் சேர்ந்து வாயுக்களின் எரிதலை ஆராய்ந்தார். 1895 இல் அசற்றலீனையும் ஒட்சிசனையும் சேர்த்து எரித்தால் 3000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சுவாலை கிடைப்பதைக் காட்டினார். உலோகங்களை ஒட்டும் கூடங்களில் நீங்கள் காணும் வாயுச் சுவாலையின் தொடக்கம் அதுவே.

கைநழுவிய அமோனியா

அக்காலத்தில் உலகின் பெரும் கவலைகளுள் ஒன்று பசளை. பயிர்களுக்கு நைதரசன் வேண்டும். வளியில் 78 சதவீதம் நைதரசன் இருந்தும் பெரும்பாலான பயிர்களால் அதை நேராகப் பயன்படுத்த முடியாது. தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து வந்த நைத்திரேற்று உப்பையே ஐரோப்பா பெரிதும் நம்பியிருந்தது. அது தீர்ந்தால் உணவுப் பஞ்சம் வரும் என 1898 இல் ஆங்கில விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார்.

வளியிலுள்ள நைதரசனை ஐதரசனுடன் சேர்த்து அமோனியா ஆக்கலாமா? அத்தாக்கமும் மீளும் தாக்கமே:

1 மூலக்கூறு நைதரசன் + 3 மூலக்கூறு ஐதரசன் ⇌ 2 மூலக்கூறு அமோனியா

இடப்பக்கத்தில் 4 வாயு மூலக்கூறுகள்; வலப்பக்கத்தில் 2. அமுக்கத்தைக் கூட்டினால், மூலக்கூறுகள் குறைந்த வலப்பக்கத்துக்குச் சமநிலை நகரும். இதை லே சாட்டலியரை விட நன்கு அறிந்தவர் எவருமிலர். 1900, 1901 ஆம் ஆண்டுகளில் அவர் இம்முயற்சியில் இறங்கினார். ஏறத்தாழ 200 வளிமண்டல அமுக்கம், 600 பாகை செல்சியசு வெப்பநிலை, இரும்பு ஊக்கி என்பவற்றைத் தெரிவு செய்தார். பின்னாளில் வெற்றியளித்த நிபந்தனைகளும் இவற்றுக்கு அண்மையனவே.

ஆனால் கருவியினுள் வளி கலந்துவிட்டது. வளியிலுள்ள ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்து பயங்கரமாக வெடித்தன. உருக்குக் கலம் சிதறியது. உதவியாளர் ஒருவர் மயிரிழையில் உயிர் தப்பினார். லே சாட்டலியர் ஆய்வைக் கைவிட்டார்.

அவருடைய கணிப்பில் பிழை இருக்கவில்லை. பிழை நேர்ந்தது கருவியிலேயே. வளி உட்புகாதவாறு கருவியைத் திருத்தியிருந்தால் முயற்சியைத் தொடர்ந்திருக்கலாம். இதனைத் தமது ஆய்வு வாழ்க்கையின் மிகப்பெரும் தவறாக அவர் முதுமையிற் குறிப்பிட்டார்.

ஹேபர் வென்ற விதம்

சில ஆண்டுகளின் பின் ஜேர்மனியின் கார்ல்சுரூவே நகரில் பிரிட்ஸ் ஹேபர் அதே தாக்கத்தை ஆராய்ந்தார். ஹேபருக்கும் தொடக்கத்தில் வெற்றி கிட்டவில்லை. 1000 பாகை செல்சியசு அளவில், சாதாரண அமுக்கத்தில் அவர் பெற்ற அமோனியா மிகச் சொற்பம். 1907 இல் மற்றொரு புகழ்பெற்ற விஞ்ஞானியான நேர்ன்ஸ்ட், ஹேபரின் அளவீடுகள் பிழையென அறிஞர் கூட்டத்திலே கூறினார். ஹேபர் விட்டு விலகவில்லை. ரொபேர்ட் லெ ரொசிஞோல் என்னும் துணைவருடன் உயர் அமுக்கக் கருவியைச் செம்மைப்படுத்தி, 1909 இல் அமோனியா தொடர்ந்து சொட்டுவதைத் தொழிற்சாலையினருக்குச் செய்து காட்டினார். கார்ல் போஷ் என்னும் பொறியியலாளர் அதனைப் பெருந்தொழிலாக வளர்த்தார். 1913 இல் ஒப்பாவு நகரில் முதலாவது தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது.

இங்கே நீங்கள் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அமோனியா உண்டாகும்போது வெப்பம் வெளிவிடப்படுகிறது. அது புறவெப்பத் தாக்கம். ஆகவே வெப்பநிலையைக் குறைத்தால் அமோனியா கூடும். 200 வளிமண்டல அமுக்கத்தில் சமநிலைக் கலவையிலுள்ள அமோனியாவின் அளவைப் பாருங்கள்:

200 பாகை செல்சியசு – சுமார் 86 சதவீதம்
400 பாகை செல்சியசு – சுமார் 36 சதவீதம்
500 பாகை செல்சியசு – சுமார் 18 சதவீதம்
600 பாகை செல்சியசு – சுமார் 8 சதவீதம்

அப்படியாயின் 200 பாகையிலேயே செய்யலாமே என்று தோன்றும். அவ்வெப்பநிலையில் தாக்கம் மிக மெதுவாக நடக்கும். சமநிலை அடையும்வரை தொழிற்சாலை காத்திருக்க முடியாது. வெப்பநிலையைக் கூட்டினால் வேகம் உண்டு, விளைவு குறைவு. குறைத்தால் விளைவு உண்டு, வேகம் இல்லை. ஆகவே 400 முதல் 500 பாகை வரையான நடுத்தர வெப்பநிலையும் இரும்பு ஊக்கியும் தெரிவு செய்யப்பட்டன. உண்டாகும் அமோனியா குளிரவைத்துத் திரவமாக அகற்றப்படுகிறது. தாக்கமுறாத வாயுக்கள் மீண்டும் உலைக்கு அனுப்பப்படுகின்றன. விளைபொருளை அகற்றினால் முன்முகத் தாக்கம் தொடரும். சுண்ணாம்புச் சூளையில் காற்று செய்த வேலையை இங்கே குளிர்ச்சி செய்கிறது.

போரும் அமோனியாவும்

இவ்வெற்றிக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1914 இல் முதலாம் உலகப் போர் தொடங்கியதும் கடல்வழி தடைப்பட்டு, ஜேர்மனிக்குச் சிலி உப்பு கிடைக்காமற் போனது. அமோனியாவிலிருந்து நைத்திரிக்கமிலத்தையும் அதிலிருந்து வெடிமருந்தையும் ஜேர்மனி தயாரித்தது. இளமையில் பாரிஸ் முற்றுகையைக் கண்ட லே சாட்டலியர், தாம் கைவிட்ட அதே தாக்கம் தம் நாட்டுக்கு எதிராகப் பயன்பட்டதை முதுமையிற் காண நேர்ந்தது. தத்துவம் எவர் கையிலும் ஒன்றுபோலவே வேலை செய்யும். அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது மனிதர் செய்யும் தெரிவாகும்.

பிற்கால வாழ்வு

பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் உறுப்புரிமைக்கு நான்கு முறை முயன்று தோற்ற லே சாட்டலியர், 1907 இல் தெரிவானார். அவ்வாண்டிலேயே சோர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியப் பதவியும் கிடைத்தது. 1916 இல் இங்கிலாந்தின் றோயல் சங்கம் டேவி பதக்கம் வழங்கிக் கௌரவித்தது. 1936 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 17 ஆந் திகதி, தமது 85 ஆவது வயதிற் காலமானார். ஹேபருக்கு 1918 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. லே சாட்டலியருக்கு அப்பரிசு கிடைக்கவில்லை.

எமது வயல்களும் இத்தத்துவமும்

தம்புள்ளை, கலேவெல பகுதிகளில் வெங்காயத்துக்கும் நெல்லுக்கும் இடப்படும் யூரியாவை நீங்கள் கண்டிருப்பீர்கள். யூரியா, அமோனியாவையும் காபனீரொட்சைட்டையும் கொண்டு தயாரிக்கப்படுவது. அதில் 46 சதவீதம் நைதரசன் உண்டு. உலக மக்களுள் ஏறத்தாழ அரைப்பங்கினரின் உணவு இம்முறையாற் கிடைக்கும் நைதரசனிலேயே தங்கியுள்ளதென மதிப்பிடப்படுகிறது. 2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. விளைச்சல் வீழ்ச்சியடைய விவசாயக் குடும்பங்கள் பெரும் துன்பமுற்றன. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அதேவேளை அளவுக்கு மிஞ்சி இடும் பசளை நீர்நிலைகளை மாசாக்கும் என்பதையும் மறத்தல் ஆகாது.

மாணவர்களே, பரீட்சையில் ஒருமுறை பிழைத்தவுடன் பாடத்தையே கைவிட எண்ணுவோர் உங்களுள் இருக்கலாம். எங்கே பிழை நேர்ந்தது என்பதை முதலில் ஆராயுங்கள். உங்கள் விளக்கம் சரியாயிருந்து, செய்த முறையில் மட்டும் குறை இருந்திருக்கலாம். அக்குறையைத் திருத்திக்கொண்டு மீண்டும் முயலுங்கள்.

நினைவிற் கொள்க

1. செறிவு: தாக்கியைக் கூட்டினாலோ விளைபொருளை அகற்றினாலோ சமநிலை முன்முகமாக நகரும்.
2. அமுக்கம்: கூட்டினால் வாயு மூலக்கூறுகள் குறைந்த பக்கத்துக்கு நகரும். இரு பக்கமும் சமமாயின் நகராது.
3. வெப்பநிலை: கூட்டினால் அகவெப்பத் தாக்கத்தின் பக்கமும், குறைத்தால் புறவெப்பத் தாக்கத்தின் பக்கமும் நகரும்.
4. ஊக்கி: சமநிலையை நகர்த்தாது. சமநிலையை விரைவில் அடைய உதவும்.

பயிற்சி வினாக்கள்

1. லே சாட்டலியரின் தத்துவத்தைக் கூறுக.
2. ஊதுலையை உயர்த்திக் கட்டியும் பயன் கிடைக்காமைக்குக் காரணம் தருக.
3. அமோனியா உற்பத்தியில் 200 பாகை செல்சியசு வெப்பநிலை ஏன் பயன்படுத்தப்படுவதில்லை?
4. சுண்ணாம்புச் சூளைக்கும் அமோனியாத் தொழிற்சாலைக்கும் பொதுவான ஒரு செயன்முறையைக் குறிப்பிட்டு விளக்குக.
5. லே சாட்டலியரின் அமோனியா முயற்சி தோல்வியுற்றது தத்துவத்தின் பிழையாலா, கருவியின் குறையாலா? உமது விடைக்குக் காரணம் தருக.